பன்னிரண்டாம் நம்பர் ஸ்பனர்

முதலில் ஒரு சத்தம்,
ஈரச் சாரத்தை ஆரோ கல்லில்
ஒரேயொருக்கால் அடித்தமாதிரி.
பிறகு பற்றறியின் சிவப்பு விளக்கு.
பிறகு சூட்டுமுள்
அவசரமில்லாமல் மேலே ஏறத் தொடங்கியது.

நெடுங்கேணி கழிந்து ஆறு கட்டை.
ஒட்டுசுட்டான் இன்னும் எவ்வளவு தூரமென்று
கேட்க ஒரு சனமும் இல்லை.

பொனற்றைத் திறந்தேன்.
பெல்ற் அறுந்து
சாரைப்பாம்பு கழற்றிப்போட்ட செட்டையாய்
எஞ்சினுக்குக் கீழே கிடந்தது.
"லீசிங் முடிய இன்னும் முப்பத்தொரு மாசம்"
என்று சொன்னேன்,
காருக்கா காட்டுக்கா, தெரியாது.

பின் சீற்றில் நேசராசா அண்ணை,
அவர் மனைவி கனகேஸ்,
காலடியில் ஆறு தோடங்கன்று.
புதுக் காலுக்கு அளவெடுக்க வவுனியா போனவர்கள்.
"அடுத்த மாசம் வாங்கோ" என்ற சொல்லோடும்
கன்றுகளோடும் திரும்பி வருகிறார்கள்.

வீதியின் நடுவே சூடாறாத யானை லத்தி.
அதைக் கண்டபிறகு
மூன்றுபேரும் குரலைக் குறைத்தோம்.

முதலில், கன்றுகளைக் கட்டிவந்த நைலோன் கயிறு.
முறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு,
ஸ்ராட் பண்ணினேன்.
எண்ணுவதற்குள் உருகி நாறியது.
கனகேஸ் அக்கா தன் ரப்பர் செருப்பைப் பார்த்தா.
நானும் பார்த்தேன்.
இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்.

அப்போது அண்ணை கதவைத் திறந்து
காலை வெளியே நீட்டி
சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்தார்.
"அவங்கள் தந்த வார் போன வருசமே போச்சுது.
இது சைக்கிள் ரியூப். நான் வெட்டினது.
பின்சில்லு, நல்ல மொத்தம்."

வேண்டாம் அண்ணை
என்று சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
அதற்குள் என் கை நீண்டுவிட்டது.

கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்தபடி
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பனரால்
ஆணியைத் தளர்த்தி, ரியூப்பை மாட்டி,
ஜாக் கம்பியால் நெம்பி இறுக்கினேன்.
முழங்கை சுட்டது. ஒரு கெட்ட வார்த்தை வந்தது.
அக்கா கேட்காதமாதிரி இருந்தா.

றேடியேற்றர் ஆறும்வரை இருக்கவேண்டும்.
மண்ணெண்ணெயில் கார் ஓட்டின கதை,
சவர்க்காரத்தால் ராங்கி அடைத்த கதை
இப்போது வரும் என்று காத்திருந்தேன்.
அண்ணை சொல்லவில்லை.
தோடைக்கு மாட்டெருவா கோழியெருவா நல்லது
என்று மட்டும் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்ப் போத்தில் அரைவாசி.
மிச்சத்துக்கு என் பிளாஸ்கில் இருந்த பிளேன் ரீ.
நல்லகாலம், சீனி போடவில்லை.

இருபதுக்கு மேலே போகாமல்,
ஏசி இல்லாமல், சின்ன லைற்றோடு,
நான்கு கண்ணாடிகளும் இறங்கியபடி வந்தோம்.
ரப்பர் மணந்தால் பயம்.
மணக்காவிட்டால்,
அறுந்துபோச்சோ என்று அதைவிடப் பயம்.
மூன்று இடத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு இடத்தில் காடு முறியும் சத்தம் கேட்டது.
அங்கே தொடாமலே ஏறிவிட்டேன்.

முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில் அவர்கள் வீடு.
அண்ணை இறங்கி,
காலைக் குடைபோலக் கக்கத்தில் இடுக்கி,
அக்காவின் தோளைப் பிடித்துத்
தெத்தித் தெத்திப் போனார்.
நான் கழற்றக் குனிந்தேன்.
"விடு பிள்ளை. நீ வீட்ட போகவேணுமெல்லோ."
அவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.
நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்தநாள் மத்தியானம்
புது பெல்ற் போட்டுக்கொண்டு,
கழுவின ரியூப்பை ஒரு பையில் வைத்துக்கொண்டு போனேன்.
இழுபட்டு, ஒரு பக்கம் கண்ணாடிபோல் மினுங்கியது.
அண்ணை முற்றத்தில் நின்று குழி வெட்டிக்கொண்டிருந்தார்,
இரண்டு காலிலும்.
நான் காலைப் பார்ப்பதைக் கண்டு சொன்னார்:
"சைக்கிளுக்கு ரெண்டு சில்லுத்தானே."

காசு வாங்கவில்லை.
அறுந்த பெல்ற் இருக்கா என்று கேட்டார்.
டிக்கியில் கிடந்தது, கொடுத்தேன்.

இப்போது அது அவருடைய படலையைத்
தூணோடு சேர்த்துப் பிடிக்கிறது.
திறக்கிறபோதெல்லாம்
கையில் கொஞ்சம் கறுப்பு ஒட்டும்.